ஒரு லைன், ஆளுக்கொரு கணினி

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான். வாசலுக்கு வருகிற இணைப்பு ஒன்று, அதைக் கேட்கிற கணினிகள் மூன்று, நாலு. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்திருக்கிறேன்.

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு தாய்: ரீச்சர், எங்கள் வீட்டில் ஃபைபர் இணைப்பு ஒன்று இருக்கிறது. மகன் கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறான். மகள் உயர்தரம், பின்னேரம் முழுக்க சூம் வகுப்பு. இவர் ஓய்வூதியத்துக்குப் பிறகு மடிக்கணினியில் செய்தி பார்ப்பார், இரவில் ரீவியில் படம். மூன்று பேரும் ஒரே நேரத்தில் இருந்தால் மகளின் வகுப்பு நின்று நின்று வருகிறது. கணினிக்கு ஒரு இணைப்புத்தான் சரி, இரண்டாவது லைன் எடுங்கள் என்று கடையில் சொல்கிறார்கள். எடுக்கட்டா?

எடுக்க வேண்டாம் அம்மா. கணினிக்கு ஒரு இணைப்பு என்று ஒரு விதியும் இல்லை.

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே மகனோடு தொலைபேசியில் கதைத்தேன். இரவு 8 மணிக்கு, ரவுட்டரிலிருந்து வயரை நேரே மடிக்கணினியில் கொழுவி வேகத்தை அளக்கச் சொன்னேன். 38 எம்பிபிஎஸ் காட்டியது. அதே மடிக்கணினியை மகளின் அறைக்குக் கொண்டுபோய் வைஃபையில் அளந்தார். 4 காட்டியது. எனக்கு இந்த இரண்டு எண்ணும் போதும். வீடு வரைக்கும் 38 வருகிறது. பின்னறைக்குப் போவதற்குள் 34 தொலைந்துபோகிறது. இரண்டாவது லைன் எடுத்தாலும் அந்தப் பெட்டியையும் அதே மூலையில்தான் பூட்டுவார்கள். அதுவும் அதே சுவர்களைத்தான் கடக்க வேண்டும்.

உங்கள் வீட்டுத் தேவை எவ்வளவு என்று பாருங்கள். சூம் வகுப்புக்கு 2 அல்லது 3 எம்பிபிஎஸ். மகனின் கூட்டத்துக்கு வருவதற்கு 3, போவதற்கு 3 அளவில் வையுங்கள். ரீவியில் தெளிவான படத்துக்கு 5. ஐயாவின் செய்தி இதில் கணக்கே இல்லை. வரும் பக்கம் எல்லாம் கூட்டினாலும் 12ஐத் தாண்டாது. 38க்குள் இது தாராளமாக அடங்கும்.

ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். வரவேற்பறையில், ரீவிக்குப் பின்னால், ஒரு பக்கம் மீன்தொட்டி, மறுபக்கம் இரும்பு அலுமாரி. வைஃபை என்பது வானொலி அலைதான். இரும்பு அதைத் திருப்பி அடிக்கும், தண்ணீர் உறிஞ்சிவிடும். அதைத் தாண்டி உங்கள் பழைய காலத்துக் கற்சுவர் இரண்டு வேறு. மகளின் அறை இருப்பது அந்த இரண்டாவது சுவருக்குப் பின்னால்.

ஆனால் ரவுட்டராகவும் வேலை செய்யும் அந்த ஃபைபர் பெட்டியை நீங்களே கழற்றி நகர்த்தாதீர்கள். அதற்கு வரும் மெல்லிய வயருக்குள் இருப்பது கண்ணாடி இழை. கதவுச் சந்தில் நசுங்கினாலோ கூர்மையாக மடிந்தாலோ வெளிச்சம் நின்றுவிடும். பிறகு ஆள் வரும் வரைக்கும் வீடு முழுக்க இணைப்பு இல்லை. பெட்டி இருந்த இடத்தில் இருக்கட்டும். மீன்தொட்டியையும் அலுமாரியையும் தள்ளி வையுங்கள். பெட்டியின் பின்னால் நாலு துளை இருக்கும். அதில் ஒன்றிலிருந்து ஒரு நெட்வேர்க் வயரை நடை வழியாக மகனின் மேசைக்கு இழுங்கள். இன்னொன்றிலிருந்து நடையின் நடுவில், ஆள் உயரத்தில், ஒரு சிறிய வைஃபை பெட்டிக்குக் கொடுங்கள். மகளின் அறைக் கதவு அங்கிருந்து நேரே தெரியும் என்று மகன் சொன்னார். கதவு திறந்திருந்தால் அலைக்குச் சுவரே இல்லை. அசையாத கணினிக்கு வயர், கையில் கொண்டு திரிகிறவற்றுக்கு வைஃபை. நான் வயர் இழுக்கிற எல்லா வீட்டிலும் இப்படித்தான் பிரிக்கிறேன். மகன் வயருக்கு மாறினால் அவர் விட்ட காற்றுவெளி மகளுக்கு மிஞ்சும், ஏனென்றால் ஒரு அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒரு பெட்டிதான் பேசமுடியும்.

வைஃபை இரண்டு பட்டைகளில் வரும். 2.4 கிகாஹேர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் பக்கத்து வீடுகள் எல்லாம் அதில்தான் நெரிபடுகின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் அந்தப் பட்டையில்தான் வேலை செய்கிறது. 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது, சுவரில் சீக்கிரம் களைத்துவிடும். மகளை 5இல் விடுங்கள். 2.4ஐ வைத்திருப்பதானால் சனல் 1, 6, 11 என்ற மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். அவை மூன்றும்தான் ஒன்றின்மேல் ஒன்று ஏறாதவை.

ஒரு லைனை எல்லோரும் எப்படிப் பகிர்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், கடையில் சொன்னது ஏன் பிழை என்று விளங்கும். எங்கள் பழைய வீடு கூட்டுக்குடும்பம். ஒரு இலக்கம், ஒரு படலை, பதினொரு பேர். தபால்காரர் எல்லாருடைய கடிதத்தையும் அப்பாச்சியின் கையில் கொடுத்துவிட்டுப் போவார். யார் எங்கே எழுதினார்கள், எந்தப் பதில் யாருக்கு என்று அவவுக்குத் தெரியும். சித்தப்பாவின் கடிதம் சித்தப்பாவின் அறைக்குப் போகும். உங்கள் ரவுட்டர் செய்வது அதே வேலை. வெளியுலகுக்கு உங்கள் வீட்டுக்கு ஒரே முகவரி. உள்ளே ஒவ்வொரு கணினிக்கும் 192.168.1.2, 192.168.1.3 என்று அதுவே ஒரு வீட்டு முகவரி கொடுக்கிறது. எந்தக் கணினி எதைக் கேட்டது என்று குறித்து வைத்து, வந்த பதிலை அதனதன் மேசைக்கு அனுப்புகிறது. பழைய முறையில் இணைய முகவரிகள் மொத்தம் 430 கோடி அளவில்தான் உண்டு. உலகத்துக்குப் போதாது. அதனால்தான் 1994இல் இந்த முகவரி மாற்றும் முறையை எழுதி வைத்தார்கள், அதே ஆண்டு 192.168 என்று தொடங்கும் எண்களை வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் ஒதுக்கினார்கள். உலகத்தில் எத்தனையோ கோடி வீட்டுக் கணினிகள் இந்த ஏற்பாட்டில்தான் இணையத்துக்குப் போய் வருகின்றன.

இன்னொன்று, அம்மா. இதைச் செய்தபிறகும் சில நேரம் மகளுக்கு வகுப்பு நின்றால், ஐயாவின் போனைப் பாருங்கள். கல்யாண வீட்டுப் படங்களையும் வீடியோக்களையும் போன் தானாக மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். பெரும்பாலான வீட்டு இணைப்புகளில் வரும் வழி அகலம், போகும் வழி ஒடுக்கம். நீங்கள் எதையாவது இறக்கும்போது, “கிடைத்தது, அடுத்ததை அனுப்பு” என்ற சின்னச் சின்னப் பதில்கள் அந்த ஒடுக்கமான வழியால்தான் போக வேண்டும். அதை ஒரு வீடியோ அடைத்துக்கொண்டால் வரும் பக்கமும் நின்றுவிடும். படம் ஏற்றுவதை இரவு படுக்கும் நேரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

உப்புவெளியிலிருந்து ஒருவர்: எங்கள் வளவுக்குள் இரண்டு வீடு. முன்வீட்டில் நாங்கள், பின்வீட்டில் தங்கச்சி குடும்பம். இடையில் 35 மீற்றர், தென்னையும் ஒரு கிணறும். இணைப்பு எங்களிடம். ஒரு ரிப்பீட்டர் வாங்கிப் பூட்டினோம், பிரயோசனம் இல்லை. பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதை வைத்து ஏதாவது செய்யலாமா?

பழைய ரவுட்டரை எறியாமல் வைத்திருந்தீர்களே, அது நல்லது. ரிப்பீட்டர் ஏன் உதவவில்லை என்றால், அது முன்வீட்டிலிருந்து காதில் விழுந்ததைத்தான் திருப்பிச் சொல்லும். விழுந்ததே அரைகுறை. அதோடு கேட்பதும் சொல்வதும் ஒரே அலைவரிசையில் என்றால் வேகம் பாதியாகிவிடும்.

இரண்டு வீட்டையும் வயரால் இணையுங்கள். நெட்வேர்க் வயர் 100 மீற்றர் வரை ஓடும், 35 ஒரு தூரமே இல்லை. ஆனால் எந்த வயர் என்பதுதான் உங்கள் இடத்தில் பெரிய கேள்வி. கடற்கரைப் பக்கத்து வீடுகளில் நான் வருடக்கணக்காக வயர் இழுத்திருக்கிறேன். உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளி, எங்கே போனாலும் முதலில் பழுதாகிக் கிடப்பது வயரின் முனைகள்தான். உப்புக்காற்று செப்பைப் பச்சையாக்கிவிடும். இணைப்பு அறுந்தும் அறாமலும் இழுக்கும். நீங்களோ இணைப்பைத் தரும் நிறுவனத்தோடு சண்டை பிடித்துக்கொண்டிருப்பீர்கள். ஆகவே முனைகள் இரண்டும் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். வெளியில் ஒட்டுப் போடவே கூடாது. சுவருக்குள் நுழையும் இடத்தில் வயரைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டு மேலே ஏற்றி நுழையுங்கள். மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டி விழும், உள்ளே போகாது.

வாங்கும்போது ஒரு துண்டு கேட்டு, ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறமாக இருந்தால் சரி. வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்துக்குச் செம்பு பூசியது. விலை குறைவு, ஆனால் முனையில் சட்டென்று முறியும், உப்புக்காற்றில் இன்னும் கெதியாகக் கெடும். அதை வீட்டுக்குள் எடுக்காதீர்கள்.

இப்போது நான் உண்மையில் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். வளவுக்குள் இரண்டு கட்டடத்துக்கு நடுவில் செப்பு வயரே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கத்து மின்னல் உங்களுக்குத் தெரியும். பக்கத்துத் தென்னையில் விழுந்தால்கூடப் போதும். இரண்டு வீட்டுக்கும் தனித்தனி எர்த் இருக்கிறதல்லவா, ஒரு பக்கத்து நிலத்தில் ஏறிய மின்சாரம் அந்த வயரைப் பாலமாக்கி மற்றப் பக்கத்துக்குப் பாயும். இரண்டு பக்கமும் ரவுட்டர் போகும், அதோடு கொழுவியிருக்கும் கணினியும் போகும். ஒரு வீட்டில் முன்னால் இருந்த கணினியும் பின்னால் இருந்த கணினியும் ஒரே வெடியில் கருகியதை நான் கண்ணால் பார்த்தேன். உயர்தரப் பிள்ளையின் குறிப்பு எல்லாம் அதற்குள் இருந்தது. ஒன்றையும் மீட்க முடியவில்லை. அந்தப் பிள்ளை அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆகவே 35 மீற்றருக்கு வெளியில் போடும் ஃபைபர் வயர் எடுங்கள். இரண்டு முனைக்கும் மீடியா கன்வேர்ட்டர் என்ற சின்னப் பெட்டி ஒவ்வொன்று, கண்ணாடி வழியாக வரும் வெளிச்சத்தை நெட்வேர்க் வயருக்கு மாற்றித் தருவது அதுதான். கண்ணாடிக்குள் மின்சாரம் ஓடாது, உப்புக்கும் அது பயப்படாது. உள்ளே இரும்புக் கம்பி வைத்த வயர் வேண்டாம் என்று கடையில் கேட்டு வாங்குங்கள், கம்பி இருந்தால் அது மின்சாரத்தைக் கடத்தும். முனைகளைக் கடையிலேயே பூட்டித் தருவார்கள். செப்பைவிடச் செலவு கூடத்தான், ஆனால் ஒரு கணினியின் விலைக்கு முன்னால் அது பெரிதில்லை. இப்போதைக்குக் காசு இல்லையென்றால் செப்பு போடுங்கள், ஆனால் வானம் இருட்டியதும் இரண்டு முனையையும் கழற்றுங்கள். ஒரு முனையை மட்டும் கழற்றினால் போதாது.

பழைய ரவுட்டருக்கு மூன்று வேலை. முதலில் அதைத் தனியாக ஒரு கணினியில் கொழுவி, அதன் சொந்த முகவரியை 192.168.1.250 என்று மாற்றுங்கள், முன்வீட்டு ரவுட்டர் 192.168.1.1 ஆக இருந்தால். அந்த எண்ணை முன்வீட்டு ரவுட்டர் வேறு யாருக்கும் கொடுக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது, டிஎச்சிபி என்று ஒரு வசதி இருக்கும். கணினிகளுக்கு முகவரி பங்கிடுவது அதுதான். பழையதில் அதை அணைத்துவிடுங்கள். ஒரு வளவில் இரண்டு பேர் முகவரி பங்கிட்டால் ஒரே நாளில் எல்லாம் குழம்பும். கடைசியாக, முன்வீட்டிலிருந்து வரும் வயரை பழையதின் வான் (WAN) என்று எழுதிய துளையில் சொருகாதீர்கள், லான் (LAN) என்ற துளை ஒன்றில் சொருகுங்கள். வான் துளையில் சொருகினாலும் இணையம் வரும், ஆனால் அந்த வீடு தனி ராச்சியமாகிவிடும். முன்வீட்டுக் கணினியிலிருந்து பின்வீட்டுப் பிரிண்டருக்கு அனுப்ப முடியாது, சில அழைப்புகளும் விளையாட்டுகளும் தடுக்கும். வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் இரண்டு வீட்டுக்கும் ஒன்றாகவே வையுங்கள். முற்றத்தில் நடந்துபோகும்போது போன் தானாக மாறிக்கொள்ளும்.

தங்கச்சி வீட்டோடு பகிர்வது உங்கள் குடும்ப விடயம். வாடகைக்கு வருகிறவர்களுக்கோ பக்கத்து வளவுக்கோ காசுக்குக் கொடுக்காதீர்கள். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, அதில் நடக்கிற எல்லாவற்றுக்கும் பொலிஸ் தேடி வருவதும் அவரைத்தான்.

பாலையூற்றிலிருந்து ஒரு தந்தை: மூன்று பிள்ளைகள், இரண்டு கணினி, மூன்று போன். மாதம் 20ஆம் திகதிக்கே டேட்டா முடிகிறது. யார் முடிக்கிறார்கள் என்று சண்டை. எப்படிக் கண்டுபிடிப்பது?

விண்டோஸ் அமைப்புகளில் நெட்வேர்க் பகுதிக்குள் டேட்டா பாவனை என்று இருக்கும். கடைசி 30 நாளில் எந்தச் செயலி எவ்வளவு எடுத்தது என்று அதில் தெரியும், போனிலும் அதேமாதிரி. பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள் ஐயா, பொலிஸ் விசாரணை மாதிரி வேண்டாம்.

நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் வகுப்பு முடிப்பதில்லை, வீடியோவின் தெளிவுதான் முடிக்கிறது. 5 எம்பிபிஎஸ்ஸில் ஓடும் தெளிவான படம் ஒரு மணித்தியாலத்துக்கு 2.25 ஜிபி எடுக்கும். அதே படத்தின் தெளிவை 480க்குக் குறைத்தால் 1 எம்பிபிஎஸ் அளவு, அதாவது அரை ஜிபிக்கும் குறைவு. இரண்டு பிள்ளைகள் நாளுக்கு இரண்டு மணித்தியாலம் பார்த்தால் மாதம் 120 மணித்தியாலம். முதல் கணக்கில் 270 ஜிபி, இரண்டாவதில் 54. போன் திரையில் வித்தியாசமே தெரியாது.

இரண்டு கணினியும் ஒரே விண்டோஸ் அப்டேட்டைத் தனித்தனியே இறக்கியிருக்கும். அமைப்புகளில் டெலிவரி ஒப்டிமைசேஷன் என்பதைத் திறந்து, வீட்டு நெட்வேர்க்கில் உள்ள கணினிகளிடமிருந்து எடுக்க அனுமதி என்பதை மட்டும் போடுங்கள். ஒன்று இறக்கியதை மற்றது வீட்டுக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும். அப்போது டேட்டாவைச் சிக்கனமாகப் பாவிக்கச் சொல்லும் மீட்டர்ட் இணைப்பு என்ற விருப்பத்தைப் போடாதீர்கள், இரண்டும் ஒத்துவராது. மீட்டர்ட் என்பதைப் போன் டேட்டாவில் கணினியைப் பாவிக்கும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகும் கணக்கு இடித்தால், ரவுட்டரில் இணைந்திருப்பவர்களின் பட்டியலைத் திறந்து எண்ணிப் பாருங்கள். உங்களிடம் இருப்பவை ஐந்து. ஏழு இருந்தால் மதிலுக்கு அப்பால் இரண்டு. கடவுச்சொல்லை மாற்றுங்கள், பாதுகாப்பு டபிள்யூபிஏ2 அல்லது 3 ஆக இருக்கட்டும், கடவுச்சொல் அடிக்காமலே இணைக்க விடும் டபிள்யூபிஎஸ் பொத்தானை அணையுங்கள்.

மூதூரிலிருந்து ஒரு மாணவர்: அக்கா, வீட்டில் லைன் இல்லை. என் போனில் டேட்டா இருக்கிறது. பழைய மேசைக் கணினி இரண்டு இருக்கிறது, இரண்டிலும் வைஃபை இல்லை. ஒன்று எனக்கு, ஒன்று தம்பிக்கு. இரண்டிலும் இணையம் எடுக்க வழி உண்டா?

உண்டு தம்பி, செலவு ஒரே ஒரு நெட்வேர்க் வயர்தான். போனை யூஎஸ்பி வயரால் முதல் கணினியில் கொழுவி, போனில் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். முதல் கணினிக்கு இணையம் வந்துவிடும். போனும் சார்ஜ் ஆகும். இனி இரண்டு கணினியின் நெட்வேர்க் துளைகளையும் அந்த வயரால் இணையுங்கள். முதல் கணினியில் நெட்வேர்க் இணைப்புகளைத் திறந்து, போனின் இணைப்பில் வலது கிளிக், பண்புகள், ஷேரிங் என்ற பக்கம். மற்றவர்கள் இந்த இணைப்பைப் பாவிக்கலாம் என்பதைத் தெரிவு செய்யுங்கள். முதல் கணினி தனக்கு 192.168.137.1 என்று முகவரி எடுத்துக்கொண்டு தம்பியின் கணினிக்கு ஒன்று கொடுக்கும். தம்பியின் கணினியில் ஒன்றும் மாற்றத் தேவையில்லை, முகவரியைத் தானாக எடு என்று இருந்தால் சரி. முதல் கணினியை அணைத்தால் தம்பிக்கும் நின்றுவிடும், அதை முன்னரே அவருக்குச் சொல்லிவையுங்கள்.

இந்த முறையை நான் சும்மா புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 1999இல் விண்டோஸ் 98இன் இரண்டாம் பதிப்போடு வந்த வசதி இது. 2003இல் நானும் அண்ணாவும் திருஞானசம்பந்தர் வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு சின்ன நெட் கஃபே திறந்தபோது எங்களிடம் இருந்தது ஒரே ஒரு தொலைபேசி லைனும் நாலு கணினியும். மோடம் கொழுவியது ஒன்றில், மற்ற மூன்றும் அதன் வழியாக. 2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு, மூன்றாம் நாள் அந்த லைன் உயிர்த்தது. கரையோரத்திலிருந்து வந்தவர்கள் ஒழுங்கை முனை வரைக்கும் நின்றார்கள். எல்லாருக்கும் ஒரே வேலை, கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு உயிரோடு இருக்கிறோம் என்று சொல்ல வேண்டும்.

எங்கள் டயல்-அப் லைனில் போகும் பக்கம் உச்சம் 33.6 கேபிபிஎஸ். நாலாகப் பிரித்தால் ஆளுக்கு 8 சொச்சம். இன்றைக்கு ஒரு படம்கூட அதில் நகராது. ஆனால் ஐந்து வரி மின்னஞ்சல் 2 கிலோபைட், இரண்டு விநாடியில் போய்விடும். படம் வேண்டாம், கோப்பு ஒட்டவும் வேண்டாம், எழுத்து மட்டும் என்று அண்ணா சொல்லிவிட்டார். தமிழ் எழுத்துருவுக்கு நேரமில்லை, ஆங்கில எழுத்திலேயே தமிழை அடித்தோம். மின்னஞ்சல் முகவரி தெரியாதவர்கள் கசங்கிய கடதாசித் துண்டுகளில் இருந்த எண்களையும் பெயர்களையும் நீட்டினார்கள். தெரிந்தவர் யாருடைய முகவரியையாவது பிடித்து, அவருக்கு இதைச் சொல்லுங்கள் என்று எழுதினோம். ஒருவர் சொல்லச் சொல்ல நான் அடித்த முதல் வரி, “நானும் சின்னவளும் இருக்கிறம்.” மற்றவர்களின் பெயரை அவர் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

அந்த நாலு கணினியும் ஒரே லைனில்தான் ஓடின. உங்கள் இரண்டும் ஓடும் தம்பி. வராவிட்டால் திரையில் என்ன எழுத்து வருகிறது என்று அப்படியே எழுதி அனுப்புங்கள், பதில் போடுகிறேன்.

தம்பலகாமத்திலிருந்து ஒரு ஆசிரியை: கரண்ட் போனால் வகுப்பு போகிறது. மடிக்கணினியில் பற்றரி இருக்கிறது, ரவுட்டர்தான் அணைந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

2022 பங்குனிக் கடைசியில் 13 மணித்தியாலம் வெட்டியபோது நான் செய்ததையே சொல்கிறேன். ரவுட்டரின் அடப்டரில் எழுதியிருப்பதைப் பாருங்கள், பெரும்பாலும் 12 வோல்ட். அதற்கென்றே 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் விற்கிறார்கள். 12 வோல்ட், 7 ஏஎச் பற்றரி என்றால் கணக்குக்கு 84 வாட் மணித்தியாலம். 10 வாட் எடுக்கும் ரவுட்டர் எழுத்தில் 8 மணித்தியாலம் ஓடும், நடைமுறையில் 5 அளவில் வையுங்கள். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனி என்றால் இரண்டுக்கும் கொடுக்க வேண்டும். சில பெட்டிகள் 9 வோல்ட், சில 5. வோல்ட்டையும் முனையின் பிளஸ் மைனஸ் அடையாளத்தையும் ஒத்துப் பார்த்த பிறகே சொருகுங்கள் ரீச்சர்.

பட்டணத்தெருவிலிருந்து ஓய்வுபெற்ற தபாலதிபர்: மகள், என் மகன் ரொறன்ரோவில். சனிக்கிழமை இரவு 8 மணிக்கு வீடியோவில் வருவான். பேரன் பேசத் தொடங்கியதும் படம் அப்படியே நின்றுவிடும். வாய் திறந்தபடி நிற்பான், சத்தம் மட்டும் பிறகு வரும். இங்கே எங்கள் வீட்டில் மருமகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும் கணினியில் இருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

குறை சொல்லத் தேவையில்லை ஐயா. சனிக்கிழமை இரவு 8 மணி உங்கள் வீட்டிலும் நெரிசல், தெருவிலும் நெரிசல். அந்த நேரம் கதைப்பதானால் அறைக்குள் படுத்துக்கொண்டு கதைக்காமல், கதிரையை ரவுட்டர் தெரியும் இடத்தில் போட்டு உட்காருங்கள். மருமகளிடம் சொல்லி ரவுட்டரில் உங்கள் போனுக்கு முன்னுரிமை போட்டுக்கொள்ளலாம். பல ரவுட்டர்களில் அந்த வசதி உண்டு.

ஆனால் நீங்கள் தபாலதிபராக இருந்தவர், விடியக்காலையில் எழும்பும் பழக்கம் போயிருக்காது. காலை 6 மணிக்கு மகனைக் கூப்பிடச் சொல்லுங்கள். ரொறன்ரோவில் அப்போது முதல் நாள் இரவு 8.30, பனிக்காலத்தில் 7.30. பேரன் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகும் நேரம். உங்கள் வீட்டில் அந்த நேரம் லைனைக் கேட்க வேறு யாரும் எழும்பியிருக்க மாட்டார்கள்.